எரிக்கச் சொன்ன வாசகருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மூன்று கிழமைக்கு முன்னர், எங்கள் ஊர் முதியோர் சங்கம் வைத்த சேகரிப்புக் கண்காட்சியைப் பற்றி உங்கள் பத்திரிகையில் படத்தோடு செய்தி போட்டிருந்தீர்கள். முத்திரை அல்பங்களுக்கும் பழைய நாணயங்களுக்கும் நடுவில், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நிற்கிற மொட்டைத்தலை ஆள் நான்தான். சர்ச்சைக்குரிய கத்தோலிக்கக் குருமாரின் கையெழுத்துக் கடிதங்களைச் சேகரிப்பவர் என்று படத்துக்குக் கீழே எழுதியிருந்தீர்கள். சரிதான். ஆனால் போன கிழமை வாசகர் கடிதப் பகுதியில் ஒருவர், யூதர்களைத் தூற்றிய பாதிரியாரின் கையெழுத்தைக் கண்ணாடிக்குள் வைத்துக் காட்டுவது வெட்கக்கேடு, அதை எரித்துவிட வேண்டும் என்று எழுதியிருந்தார். அவருடைய கோபத்தில் பாதி எனக்கும் உண்டு. மற்றப் பாதிக்குத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும். வெட்டுவதென்றால் நடுவில் வெட்டுங்கள், கடைசிப் பத்தியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

அந்தப் பாதிரியார் சார்ள்ஸ் கொக்லின். 1891இல் இதே ஒன்ராறியோவில், ஹமில்டனில் பிறந்தவர். 1916இல் குருப்பட்டம் பெற்று, எங்கள் வின்சரில் அசம்ப்ஷன் கல்லூரியில் ஏழு வருடம் படிப்பித்தவர். நான் முப்பது வருடம் காருக்கு இருக்கை தைக்கிற தொழிற்சாலைக்கு பஸ்ஸில் போன வழியில்தான் அந்த இடம் இருக்கிறது. அம்பாசடர் பாலம் அதன் தலைக்கு மேலால் போகிறது. அப்போதெல்லாம் அவர் பெயர் எனக்குத் தெரியாது. 1923இல் ஆற்றைக் கடந்து அமெரிக்காவின் டெட்ரோயிட் மறைமாவட்டத்தில் சேர்ந்தார். பிறகு றோயல் ஓக் என்ற சின்ன ஊரில் சிறுமலர் தெரேசம்மாளின் பெயரில் ஒரு கோவிலைத் தொடங்கினார். 1926இல் வானொலியில் பேச ஆரம்பித்தார். முதலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம். பொருளாதார வீழ்ச்சி வந்ததும் பேச்சு வங்கிக்காரர் பக்கம் திரும்பியது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் குரலைக் கேட்டவர்கள் கோடிக்கணக்கில் இருந்தார்கள். அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டை முதலில் தூக்கிப் பிடித்தார். 1936இல் அவரையே பொய்யர் என்று மேடையில் திட்டி, பிறகு பகிரங்கக் கடிதம் எழுதி மன்னிப்புக் கேட்டார். அதற்கப்புறம் யூதர்கள்மேல் விழுந்தார். யூதப் பெரியவர்கள் உலகத்தைப் பிடிக்கத் தீட்டிய திட்டம் என்று சொல்லப்படும் அந்தப் பெயர்போன போலி ஆவணத்தை 1938இல் தன்னுடைய சோஷல் ஜஸ்டிஸ் வார இதழில் தொடராகப் போட்டார்.

இனி, எரிக்கச் சொன்ன அந்தக் கடிதம்.

பதினொரு வருடத்துக்கு முன்னர், தாயார் இறந்த பிறகு ஒரு குடும்பம் வீட்டுச் சாமான்களை விற்றபோது வாங்கினேன். பழைய பூசைப் புத்தகம் ஒன்றுக்குள் நாலாக மடித்துக் கிடந்தது. கோவிலின் முகவரி அச்சிட்ட தாள், டைப் அடித்த பதினொரு வரிகள். திகதி 1938 டிசம்பர் 7. ஒரு பெண் அனுப்பிய ஒரு டொலருக்கு நன்றி, அவருடைய மகனின் சுகத்துக்காகச் செபிப்போம், ஆசீர்வாதம். அவ்வளவுதான். யூதர் என்ற சொல்லே இல்லை. அரசியல் இல்லை. என் மனைவி வாசித்துவிட்டு, நல்ல மனுசன் போலத்தானே இருக்கிறார் என்றார்.

திகதியைப் பாருங்கள் என்றேன். அதற்கு நாலு கிழமைக்கு முன்னர்தான் ஜெர்மனியில் ஒரே இரவில் யூதர்களின் தொழுகைக் கூடங்களை எரித்து, கடைகளை உடைத்து, ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். நவம்பர் 20 வானொலிப் பேச்சில் இவர் அதைக் கம்யூனிசத்துக்கு எதிரான தற்காப்பு என்பதுபோல விளக்கம் சொன்னார். நியூயோர்க்கில் ஒரு வானொலி நிலையம் அடுத்த கிழமைப் பேச்சைப் போட மறுத்தது. டிசம்பர் 5 திகதியிட்ட அவருடைய இதழில் வந்த கட்டுரை ஒன்றில் சில பகுதிகள், ஹிட்லரின் பிரசார அமைச்சர் கோயபல்ஸ் 1935இல் பேசிய உரையோடு கிட்டத்தட்ட வரிக்கு வரி ஒத்துப்போயின. அந்த இதழ் வந்து இரண்டு நாளில்தான் இந்த நோயாளிப் பிள்ளைக்கான செபம். இரண்டும் ஒரே மேசையிலிருந்து போனவை.

அந்தத் தாய் ஏன் டொலர் அனுப்பினார் என்று இந்தத் தாளைப் பார்த்தால்தான் எனக்கு விளங்குகிறது. பேச்சின் எழுத்துப் பிரதி எந்த நூலகத்திலும் கிடைக்கும். அதை வாசிக்கிறவர், இப்படிப் பேசினவனை யார் நம்பினார்கள் என்றுதான் கேட்பார். பதில் இந்தப் பதினொரு வரியில் இருக்கிறது. கண்காட்சியில் கடிதத்துக்குப் பக்கத்தில் நவம்பர் 20 பேச்சின் ஒரு பக்கத்தையும் பிரதி எடுத்து வைத்திருந்தேன். உங்கள் படப்பிடிப்பாளரின் சட்டத்துக்குள் அது விழவில்லை. அதனால் வாசகருக்கு வந்த கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

கையெழுத்து அவருடையதுதானா? கண்காட்சி அட்டையில், அவருடையது என்று நினைக்கிறேன் என்றுதான் எழுதியிருந்தேன். 1930களின் நடுவில் அவருக்கு ஒரு நாளில் பத்தாயிரத்துக்கு மேல் கடிதம் வந்தது. திறந்து வாசித்துப் பதில் போட நூற்றுக்கு மேற்பட்ட எழுதுவினைஞர்கள் இருந்தார்கள். அத்தனைக்கும் ஒருவர் கையெழுத்து வைத்தார் என்று நம்ப முடியுமா? நான் முதலில் வாங்கிய கொக்லின் கடிதம் நாற்பத்தைந்து டொலர், இணையத்தில் ஒருவரிடம். அசல் மை என்று சத்தியம் பண்ணினார். வந்ததும் பத்து மடங்கு பெருப்பிக்கிற சின்ன லென்ஸால் பார்த்தேன். அசல் பேனை எழுத்தென்றால் மை தாளின் நாருக்குள் ஊறியிருக்கும், கோடு திரும்புகிற இடத்தில் கொஞ்சம் தேங்கி நிற்கும், இரண்டு கோடு குறுக்கே வெட்டுகிற இடம் கருத்திருக்கும். இதிலோ எல்லா இடமும் ஒரே நிறம். அச்சுக் கையெழுத்து. காசு திரும்பி வரவில்லை. படிப்புச் செலவென்று எழுதிவிட்டேன்.

இன்னொரு சோதனை, தாளின் இடது பக்கக் கீழ் மூலை. கடிதத்தைச் சொல்லி எழுதுவித்தவரின் முதலெழுத்துகள் பெரிதாகவும், முக்காற்புள்ளிக்கு அப்பால் டைப் அடித்தவரின் எழுத்துகள் சின்னதாகவும் இருக்கும். அங்கே வேறு யாருடையவாவது பெயரின் எழுத்துகள் இருந்தால் கையெழுத்தையும் அவரே போட்டிருக்கலாம். என்னுடைய டிசம்பர்க் கடிதத்தில் மூலை வெறுமையாக இருக்கிறது. மை உண்மையான மைதான். கை யாருடையதென்று கோவிலில் சத்தியம் பண்ணச் சொன்னால் பண்ண மாட்டேன்.

வாசகர் சொல்கிற ஆபத்தும் இல்லாததல்ல. கொக்லினின் கையெழுத்தைத் தேடி வருகிறவர்கள் எல்லாரும் சரித்திரம் படிக்கிறவர்கள் இல்லை. மிச்சிகனில் ஒரு பழைய கடதாசிச் சந்தையில் என் கோப்பைப் புரட்டிப் பார்த்த ஒருவர், இந்தக் கடிதத்துக்கு நான் கொடுத்ததைப் போல நாலு மடங்கு தருவதாகச் சொன்னார். ஏன் இவ்வளவு என்று கேட்டேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு, பாதர் அன்றைக்குச் சொன்னதெல்லாம் இன்றைக்கும் உண்மை என்றார். கோப்பை மூடி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவருக்கு அது திருப்பண்டம், புனிதரின் எலும்பையும் உடையையும் போல வணங்கி வைத்திருக்கிற பொருள். கத்தோலிக்கருக்குத் தெரியும், புனிதரின் திருப்பண்டத்தை விற்கக் கூடாதென்று திருச்சபைச் சட்டமே இருக்கிறது. இப்படிப்பட்டவர்களின் கடிதத்தை விற்க ஒரு தடையும் இல்லை. அப்படியிருக்க, நான் எரித்தால் மிஞ்சியிருக்கப்போவது அந்த மனிதர் வாங்கி வைத்திருப்பவை மட்டும்தான்.

கொக்லினின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். 1942இல் அமெரிக்க அரசு அவருடைய இதழைத் தபாலில் அனுப்பத் தடை போட்டது. டெட்ரோயிட் பேராயர் மூனி வாயை மூடச் சொன்னார், மூடினார். ஆனால் அதே கோவிலில் 1966 வரை பங்குக் குருவாக இருந்தார். 1979இல் செத்தார். பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார், கலியாணம் கட்டிவைத்தார். அந்தக் காலத்துக் கடிதங்கள் மலிவு. பத்து டொலருக்கும் எடுக்கலாம்.

என் கோப்பில் எல்லாரும் கொக்லின் மாதிரியானவர்கள் இல்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் கொண்டுவந்த மாற்றங்களை எதிர்த்த பிரெஞ்சுப் பேராயர் மார்செல் லெபெவ்ரின் கிறிஸ்மஸ் அட்டை ஒன்று இருக்கிறது. ஆயர்மார் பெயருக்கு முன்னால் சின்னச் சிலுவை ஒன்று போட்டுத்தான் கையெழுத்து வைப்பார்கள். இவரும் போட்டிருக்கிறார். 1976இல் றோம் அவருடைய குருத்துவப் பணியை நிறுத்திவைத்த பிறகு எழுதிய அட்டை அது. கையெழுத்து விசயத்தில் இவரைப் போல விசித்திரமான ஆள் இல்லை. 1965இல் உலக ஆயர்மார் கூடிய அந்த வத்திக்கான் சங்கத்தின் சமய சுதந்திரப் பிரகடனத்தில் நான் கையெழுத்து வைக்கவேயில்லை என்று பின்னாளில் சொன்னார். சங்கத்தின் ஆவணங்களில் அவர் பெயர் இருக்கிறது. அது வரவுப் பதிவுத்தாள் மாதிரி என்று அவருடைய ஆட்கள் விளக்கம் கொடுத்தார்கள். 1988 மே 5ஆம் திகதி றோமின் சார்பில் வந்த கர்தினால் ராட்சிங்கரோடு ஒரு உடன்படிக்கையில் கையெழுத்து வைத்தார். இரவு நித்திரை வரவில்லைப் போல. அடுத்த நாளே கடிதம் எழுதி அதிலிருந்து விலகினார். ஜூன் 30ஆம் திகதி பாப்பரசரின் அனுமதியில்லாமல் நாலு பேரை ஆயராக்கினார். சபைநீக்கம் வந்தது. அந்த நாலு பேரில் ஒருவர், ரிச்சர்ட் வில்லியம்சன், யூதப் படுகொலையில் நச்சுவாயு அறைகளே இருக்கவில்லை என்று பேசி 2009இல் உலகம் முழுக்கப் பேர் கெட்டார். அவருடைய கடிதம் என்னிடம் இல்லை. தேடவும் இல்லை.

இன்னொரு பக்கம் எங்கள் தீஸ சுவாமி. அமலமரித் தியாகிகள் சபையின் குரு தீஸ பாலசூரிய. எங்கள் ஆட்கள் கனபேர் இவரை மறந்துபோனார்கள். சிங்களவர், கொழும்பில் சமூகம், சமயம் இரண்டுக்குமாக ஒரு நிலையம் நடத்தியவர். 1990இல் மரியாளைப் பற்றி எழுதிய புத்தகத்துக்காக றோம் அவரோடு மோதியது. இவருக்கென்றே தனியாக ஒரு விசுவாச அறிக்கை எழுதி, இதில் கையெழுத்து வை என்றார்கள். அவர் வைக்கவில்லை. அதற்குப் பதிலாக, ஆறாம் சின்னப்பர் பாப்பரசர் எழுதிய விசுவாசப் பிரமாணத்தில் தன்னுடைய ஒரு விளக்க வாசகத்தையும் சேர்த்துக் கையெழுத்து வைத்து அனுப்பினார். அந்த வாசகத்தை றோம் ஏற்கவில்லை. 1997 ஜனவரியில், எழுபத்திரண்டு வயதில், சபைநீக்கம். உலகம் முழுக்கக் கூச்சல் எழும்பி ஒரு வருடத்தில், 1998 ஜனவரியில், நீக்கத்தை நீக்கினார்கள். 2013இல் குருவாகவே மரித்தார். புத்தகம் கேட்டு எழுதியதற்கு அவர் போட்ட இரண்டு வரிப் பதில் என்னிடம் உண்டு. மலிவான மெல்லிய வான்கடிதத் தாள், போல்பொயின்ற் பேனை. விலை கேட்டால் யாரும் ஐந்து டொலர் தர மாட்டார்கள். நான் ஐந்நூறுக்கும் கொடுக்க மாட்டேன்.

இந்த மூன்று பேரையும் ஒரே கோப்பில் போட்டிருப்பது தவறு என்று என் மகள் சொல்வாள். இருக்கலாம். சர்ச்சைக்குரிய என்ற சொல் ரொம்பச் சோம்பேறிச் சொல். வெறுப்பைப் பேசினவருக்கும் அதுதான், கேள்வி கேட்டவருக்கும் அதுதான்.

நான் தொடாத கடிதங்களும் உண்டு. பிள்ளைகளைக் கெடுத்த குருமாரின் எழுத்தை வாங்க மாட்டேன். அந்தச் சந்தையில் என் காசு ஒரு சதமும் போகக் கூடாது. இன்னொரு வகையை ஒரு முறை வாங்கிவிட்டு நித்திரை இல்லாமல் கிடந்தேன். ஆறு வருடத்துக்கு முன்னர் ஒரு பெட்டிக் கடதாசியோடு கூடவே வந்தது. மேற்குக் கனடாவில், பழங்குடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்திருந்த வதிவிடப் பள்ளி ஒன்றிலிருந்து ஒரு குரு எழுதிய கடிதம். மாவுக்கும் விறகுக்கும் கணக்குச் சொல்லிவிட்டு, ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டு வந்த இரண்டு பையன்களின் பெயரை ஒரு வரியில் எழுதியிருந்தார். கையெழுத்துக்குக் கீழே சபையின் மூன்று எழுத்து. அதே அமலமரித் தியாகிகள். 1847இல் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்தில் எனக்கு எழுத்தும் கணக்கும் சொல்லித் தந்த அதே சபை. கனடாவில் இப்படியான பள்ளிகள் நாற்பத்தெட்டை அவர்கள் நடத்தினார்கள். 1991இல் லாக் செயின்ட் ஆன் யாத்திரைத் தலத்தில் மன்னிப்பும் கேட்டார்கள். என்னைப் படிப்பித்த சுவாமிமார் அன்பானவர்கள். அதைச் சொல்லாமலும் இருக்க முடியவில்லை, சொல்லவும் கூச்சமாக இருக்கிறது.

அந்தக் கடிதம் சேகரிப்பாளர் வீட்டில் இருக்கக் கூடாது. அந்தப் பையன்களின் பேரப்பிள்ளைகள் எங்கேயாவது இருப்பார்கள், அவர்கள் தேடுகிற பெயர் அதில் இருக்கும். வின்னிபெக்கில் உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான தேசிய நிலையம் இருக்கிறது, மனிற்றோபா பல்கலைக்கழகத்தில். பதிவுத் தபாலில் அங்கே அனுப்பினேன். பிரதி ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. அதை எழுதியவரின் கையெழுத்து எப்படி இருந்தது என்று கேட்டால் இப்போது எனக்கு ஞாபகமும் இல்லை. அந்த இரண்டு பெயரும் ஞாபகம் இருக்கிறது.

எரிப்பது என்ற யோசனையைப் பற்றி ஒன்றே ஒன்று. எழுதிய வாசகர் எந்த ஊரோ தெரியாது. நான் யாழ்ப்பாணம். 1981இல் நூலகம் எரிந்தபோது தொண்ணூற்றேழாயிரம் புத்தகங்கள் போயின. அந்தத் தீயைப் பார்த்த அதிர்ச்சியில் செத்துப்போனவர் ஒரு கத்தோலிக்கக் குரு, தாவீது அடிகள். எரி என்ற சொல்லை நாங்கள் கடதாசிக்குப் பக்கத்தில் வைத்துச் சொல்லாமல் இருப்பது நல்லது. பிடிக்காத கடதாசியாக இருந்தாலும்.

இது வாசிக்கிற வீடுகளில் அம்மம்மாவின் செபப் புத்தகத்துக்குள், தகரப் பெட்டிக்குள் இப்படியான கடிதம் கிடக்கும். எந்தக் குரு, நல்லவரா கெட்டவரா என்று பார்த்து ஒதுக்க வேண்டாம். கறள் பிடித்த கிளிப்பைக் கழற்றுங்கள். செலோரேப் ஒட்டாதீர்கள், லமினேட் பண்ணவே பண்ணாதீர்கள், அது கடிதத்தை உயிரோடு புதைக்கிற வேலை. உறையை எறியாதீர்கள். தபால் முத்திரையில் திகதி இருக்கும், சிலவேளை கடிதத்தில் இருக்காது. யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று தனித் தாளில் பென்சிலால் எழுதி வையுங்கள்.

கடைசியாக, கை வைக்காதீர்கள் என்று நான் கேட்ட பத்தி. போன வருடம் என் அம்மாவின் செபமாலைப் பெட்டிக்கு அடியில் அரைத் தாள் ஒன்று கிடைத்தது. தமிழில், நீல மையில், 1968 பங்குனி மாதம் என் ஐயாவுக்கு எங்கள் பங்குக் குரு எழுதியது. கோவிலில் ஒரு பகுதியாருக்குப் கடைசி வாங்கும் வேறு கதவும் என்று இருந்த வழக்கத்தை வருகிற ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நிறுத்துகிறேன், நீர் முதல் ஆளாக வந்து அவர்களோடு இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். ஐயா போனாரா இல்லையா என்று சொல்ல இப்போது ஆளில்லை. அந்தக் குருவுக்கு மாரிக்கு முன்னரே மாற்றம் வந்ததென்று மட்டும் என் பெரியக்கா சொல்கிறார், பெயர் அவருக்கும் வரவில்லை. கையெழுத்து ஒரு சுழியில் தொடங்குகிறது. சூ ஆக இருக்கலாம், கு ஆகவும் இருக்கலாம். பிறகு ஒரு நீண்ட கோடு, அதன் கடைசியில் இரண்டு புள்ளி. லென்ஸ் வைத்து எத்தனையோ நாள் பார்த்துவிட்டேன், வாசிக்க முடியவில்லை. பிரதி ஒன்று இதோடு அனுப்புகிறேன். இடமிருந்தால் கையெழுத்தை மட்டும் வெட்டிப் போடுங்கள். குருநகர், பாசையூர்ப் பக்கம் அறுபதுகளில் பூசை கண்ட யாராவது அடையாளம் பிடித்தால் பத்திரிகைக்கு எழுதுங்கள். என் முகவரி ஆசிரியரிடம் இருக்கிறது.

ம. யோ.
வின்சர், ஒன்ராறியோ